விஸ்பிக்கு உடை தைக்க: முதலில் துணி, அப்புறம் கத்தரிக்கோல்

ஸ்வீடனில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் மாதம் கோட்லாந்து தீவின் விஸ்பி நகரில் நடக்கும் இடைக்கால வாரத் திருவிழாவுக்குக் கணவனும் மனைவியுமாகப் போகிறார்களாம். கடையில் விற்கும் பாலியெஸ்டர் வேஷம் வேண்டாம், தாமே தைத்துப் போட்டுக்கொள்ள ஆசை. ரவிக்கை தைக்கும் அளவுக்கு மெஷின் ஓட்டத் தெரியும். எங்கிருந்து தொடங்குவது, எதை நம்புவது, எல்லாவற்றையும் கையால்தான் தைக்க வேண்டுமா என்று மூன்று கேள்விகள்.

ஒரு வருடத்தைப் பிடித்துக்கொள்வதில் இருந்து தொடங்குங்கள். ஐரோப்பிய இடைக்காலம் என்பது ஏறத்தாழ ஆயிரம் வருடம். 1150-இல் போட்ட அங்கியும் 1450-இல் போட்ட அங்கியும் ஒன்றுக்கொன்று அந்நியம். "இடைக்கால உடை" என்று தேடினால் இரண்டையும் கலந்து, மேலே இரண்டு இன்ச் தோல் பெல்ட்டும் கட்டித்தான் காட்டுவார்கள். விஸ்பிக்குப் போகிறவருக்கு இந்த வேலை சுலபம். 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் மன்னன் நான்காம் வால்டெமாரின் படை நகர மதிலுக்கு வெளியே கோட்லாந்து விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது, நகரம் கதவைத் திறந்துவிட்டது. திருவிழாவே அந்த வருடத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. எனவே 1360-களில் பால்டிக் கடலோரத்தில் ஓரளவு வசதியான நகரவாசித் தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜா ராணி வேண்டாம். அசல் பட்டும் விலங்கு மென்மயிரும் இல்லாமல் அது எடுபடாது, இருந்தால் பணம் தாங்காது.

வருடம் அமைந்தது இன்னொரு வகையிலும் அதிர்ஷ்டம். 1340 வாக்கில்தான் ஐரோப்பிய உடையில் பெரிய உடைப்பு வந்தது. அதுவரை தொளதொளவென்று தொங்கிய அங்கி உடம்போடு ஒட்டத் தொடங்கியது. ஆண்களுடையது இடுப்புக்குக் கீழே கொஞ்சமே இறங்கும் அளவுக்குக் குட்டையானது. பொத்தான்கள் வரிசை கட்டின. 1346-இல் கிரேஸிப் போரில் பிரான்ஸ் தோற்றதற்கு, இப்படிக் குட்டை உடை போட்டுத் திரிந்த பாவமும் ஒரு காரணம் என்று சான் தெனி மடத்து வரலாற்றுக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறது. 1361-இல் இளைஞர்கள் புது மோஸ்தரிலும் பெரியவர்கள் பழைய தளர்வான அங்கியிலும் ஒரே தெருவில் நடந்திருப்பார்கள். ஆகவே கொஞ்சம் தளர்வாகத் தைத்தாலும் தப்பில்லை.

சரி, எதை நம்புவது? நம்மிடம் மூன்று வகைச் சான்றுகள் இருக்கின்றன: மண்ணிலிருந்து கிடைத்த உடைகள், ஓவியமும் சிலையும், எழுத்து ஆவணங்கள். மூன்றும் அதனதன் பாணியில் ஏமாற்றும். எது எங்கே ஏமாற்றும் என்று தெரிந்துகொள்வதுதான் இந்த ஆராய்ச்சியில் பாதி.

ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1325–40 காலத்து லட்ரல் சால்ட்டர் என்ற இங்கிலாந்துச் சங்கீதச் சுவடியில் உழுகிறவன், கதிர் அறுக்கிறவள், சமையல்காரன் எல்லோரும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் சொத்து. 1240-களின் மார்கன் பைபிள் நியூயார்க்கில் இருக்கிறது; வெயிலில் வேலை செய்யும் ஆண்கள் மேலாடையைக் கழற்றிவிட்டு வெள்ளை லினன் உள்ளாடையோடு நிற்பதை அதில் அப்படியே பார்க்கலாம். ஆனால் ஓவியன் தையலை வரைவதில்லை. துணி எங்கே மடிகிறது என்று காட்டுவான். எங்கே இணைகிறது என்று காட்டமாட்டான். அவன் பூசும் நீலம் கல்லை அரைத்த நீலம், சாயக்காரனுடையது அல்ல. அதைவிட முக்கியம், இயேசு, தீர்க்கதரிசிகள், தேவதூதர்கள் போன்றவர்களுக்கு வேண்டுமென்றே பழங்கால அங்கியை மாட்டிவிடுவான். சாதாரண மனிதர்கள் தெரியும் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

ஆவணங்களில் விலை, நிறம், துணியின் பெயர் எல்லாம் கிடைக்கும், உருவம் கிடைக்காது. 1363-இல் இங்கிலாந்தில் யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று ஒரு சட்டமே போட்டார்கள். வண்டிக்காரனும் ஏரோட்டியும் முரட்டுக் கம்பளிக்கு மேல் போகக்கூடாது, கைவினைஞன் இன்ன விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்று படிப்படியாகப் போகிறது பட்டியல். கொஞ்ச நாளிலேயே அதை ரத்தும் செய்துவிட்டார்கள். எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கும். தடை போட்டிருக்கிறார்கள் என்றால், உடுத்தக்கூடாதவர்கள் அதை உடுத்திக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? நல்ல துணி மேல்தட்டுக்கு மட்டுமே என்ற எண்ணத்தை அந்த ஒரு காகிதம் உடைத்துவிடும்.

தைக்கிறவருக்கு உண்மையில் வேண்டியது மூன்றாவது வகை, அதாவது அசல் உடை. இதில் இரண்டு கண்டெடுப்புகள் உங்களுக்கு முக்கியம். ஒன்று உங்கள் நாட்டிலேயே. 1936-இல் வார்பெரிக்கு அருகே பொக்ஸ்டன் சதுப்பு நிலத்தில் ஓர் ஆணின் உடல் கிடைத்தது. ஆவியாக எழுந்து வராமல் இருக்கவோ என்னவோ, மரக் கம்புகளை அடித்து உள்ளேயே நிறுத்தியிருந்தார்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் அவரை 14ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அங்கி, மேல்போர்வை, பின்னால் 90 செ.மீ. வால் தொங்கும் தலைமூடி (ஹூட்), காலுறை, பாதத்தில் சுற்றிய துணி, செருப்பு, பெல்ட் என ஒரு முழு ஆளின் உடை வார்பெரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விஸ்பிக்குப் போகும் முன் ஒருநாள் ஒதுக்கி அதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று கிரீன்லாந்தின் தென்முனையில் உள்ள ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ். ஸ்காண்டிநேவியாவிலிருந்து போன நார்ஸ் குடியேறிகளின் கல்லறை அது. மரம் அரிதான ஊர் என்பதால் பலரைச் சவப்பெட்டி இல்லாமல் பழைய உடைகளிலேயே சுற்றிப் புதைத்திருக்கிறார்கள். உறைந்த நிலம் அந்தத் துணிகளைக் காத்தது. 1921-இல் டென்மார்க்கின் பௌல் நார்லுண்ட் தோண்டியபோது முழு அங்கிகள், தலைமூடிகள், தொப்பிகள், காலுறைகள் எனக் குவியலாகக் கிடைத்தன. இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உலகின் விளிம்பில் கிடந்த விவசாயிகளின் உடை, ஆனால் வெட்டு முழுக்க ஐரோப்பிய மோஸ்தர். அளவெடுத்த வெட்டுப் படங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன, ஸ்வீடிஷ் நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். வலையில் திரியும் "மிடீவல் பேட்டர்ன்" எதையும் விட இதுதான் கெட்டி.

இங்கேயும் ஏமாற்று இருக்கிறது. ஈர மண்ணும் சதுப்பும் கம்பளியைக் காக்கும், லினனைத் தின்றுவிடும். ஆகவே பொக்ஸ்டன் மனிதரிடம் உள்சட்டை இல்லாததால் அந்தக் காலத்தில் உள்சட்டையே போடவில்லை என்று முடிவு கட்ட முடியாது. லினன் நூலால் தைத்த இடங்களில் நூல் மக்கிப்போய், ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாக எஞ்சும். ஆய்வாளர்கள் அந்த ஓட்டைகளை எண்ணித்தான் தையலின் நெருக்கத்தைச் சொல்கிறார்கள். மாறாக, ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் 2008-இல் ஒரு தளத்தின் அடியில் உலர்ந்த குப்பை கிடைத்தது. அதில் 15ஆம் நூற்றாண்டு லினன் உள்ளாடைகள், இன்றைய பிரா போலவே கிண்ணம் வைத்துத் தைத்தவையும் இருந்தன. அவை உங்கள் வருடத்துக்குப் பிந்தியவை, அதனால் 1361-க்குச் சான்றாகக் காட்டாதீர்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னும் ஒன்று: மண்ணில் கிடந்த துணி எல்லாமே பழுப்பாகிவிடும். காட்சிப் பெட்டியில் பழுப்பாகப் பார்த்துவிட்டு "அந்தக் காலத்தில் எல்லாரும் அழுக்குச் சாக்கு நிறத்தில்தான் திரிந்தார்கள்" என்று சினிமாக்காரர்கள் முடிவுக்கு வந்தார்களோ என்று எனக்குச் சந்தேகம். ஆய்வகத்தில் சாயத்தைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. சிவப்புக்கு மேடர் வேர், நம் மஞ்சிட்டியின் சொந்தக்காரச் செடி. நீலத்துக்கு வோட் இலை. அதிலிருந்து வரும் நீலமும் அவுரி நீலமும் ரசாயனத்தில் ஒன்றேதான். மஞ்சளுக்கு வெல்ட் என்ற செடி. பச்சை வேண்டுமானால் நீலமும் மஞ்சளும் ஒன்றன் மேல் ஒன்றாக. சாயம் பிடிக்கப் படிகாரம். தெற்கிலிருந்து போன ஒரு சாயமும் உண்டு: பதிமுகம் என்கிறோமே, அந்தச் சப்பங்கட்டை. கொல்லத்துக் கட்டையைப் பற்றி மார்க்கோ போலோ குறிப்பிட்டிருக்கிறார். அரேபிய, இத்தாலிய வணிகர் கைமாறி ஐரோப்பிய சாயப்பட்டறை வரை போனது. சிவப்பு கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும்.

நடைமுறையில் நீங்கள் சாயம் காய்ச்ச வேண்டியதில்லை. கடையில் வாங்கும்போது செங்கல் சிவப்பு, நடுத்தர நீலம், கடுகு மஞ்சள், மந்தமான பச்சை, ஆட்டின் இயல்பான சாம்பல் இவற்றுக்குள் எடுங்கள். ஆழ்ந்த கறுப்பையும் பளபள ஊதாவையும் விட்டுவிடுங்கள். நல்ல கறுப்பு அன்று காசுள்ளவன் நிறம்.

இப்போது துணி. நான் சொல்வதில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்: பட்ஜெட்டில் பெரும்பங்கைத் துணிக்கே ஒதுக்குங்கள். சுமாரான தையலை நல்ல கம்பளி மறைத்துவிடும். மட்டமான துணியை எந்தத் தையலும் காப்பாற்றாது. அந்தக் காலத்து வெட்டு எல்லாமே துணி விலை உயர்ந்தது, தையல் கூலி மலிவு என்ற கணக்கில் பிறந்தது. அதனால்தான் செவ்வகங்களும் முக்கோணங்களும். அகலத்தில் ஒரு துண்டும் வீணாகாது. பாவாடை விரிவு வேண்டுமென்றால் அகலமாக வெட்டமாட்டார்கள், உள்பாவாடைக்குக் கலி வைப்போமே, அப்படி முக்கோணத் துண்டுகளை இடையில் செருகுவார்கள். ஒரு நீளச் செவ்வகத்தை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம், மிச்சம் எதுவும் இல்லை.

வாங்க வேண்டியது நூறு சத கம்பளி, சாதா நெசவு அல்லது ட்வில் (சாய்வுக் கோடு தெரியும் நெசவு), ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடை. கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் உதிர்ந்தால் கம்பளி, உருகி உருண்டையானால் பாலியெஸ்டர். 150 செ.மீ. அகலத்தில் ஒருவருக்கு மூன்று, மூன்றரை மீட்டர் போதும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் நனைத்து, கையால் பிசைந்து, சுருங்க விட்டுக் காயவையுங்கள். அந்தக் காலத்துத் துணி நெசவு முடிந்ததும் களிமண் நீரில் மிதித்தோ நீர்ச்சக்கரச் சம்மட்டியால் அடித்தோ இறுக்கப்பட்டது. இறுகிய கம்பளியின் வெட்டிய ஓரம் பிரியாது. அதனால் ஓரமடிப்பு இல்லாமலே கூட விடலாம். லினன் 150 முதல் 180 கிராம், வெள்ளை அல்லது சலவை செய்யாத நிறம். பருத்தியை மறந்துவிடுங்கள், வட இத்தாலியில் லினனோடு கலந்து நெய்தார்கள், ஆயுத உடைக்குள் பஞ்சாக அடைத்தார்கள், ஆனால் உங்கள் நகரவாசியின் சட்டைக்கு லினன்தான்.

தைக்கும் வரிசை உள்ளிருந்து வெளியே. உள்சட்டை இரண்டும் லினனில்: இரண்டு செவ்வகம், கைக்கு இரண்டு, அக்குளில் சதுரத் துண்டு, பக்கத்தில் முக்கோணங்கள். பெண்ணுடையது கெண்டைக்கால் வரை, ஆணுடையது தொடை வரை. ஆணுக்குத் தொளதொள லினன் கால்சட்டை, இடுப்பில் நாடா. அதிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகக் கம்பளிக் காலுறை கட்டப்படும். காலுறையைக் கிராஸில் வெட்ட வேண்டும்; அப்போதுதான் துணி இழுபட்டுக் காலோடு ஒட்டும். பின்னல் காலுறை அப்போது வழக்கமில்லை. காலுறைத் துணிக்கு நெகிழ்வான ட்வில் எடுங்கள். முதல்முறை தைக்கிறவர்களுக்கு இதுதான் தலைவலி, எனவே பழைய பெட்ஷீட்டில் மாதிரி வெட்டி, காலில் போட்டு, குண்டூசி குத்திப் பார்த்துவிட்டுக் கம்பளியில் கை வையுங்கள்.

அப்புறம் அங்கி. இதில் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் கை. ரவிக்கையில் கையின் தையல் அக்குளுக்கு நேர் கீழே ஓடும். ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் உடைகளில் அது பின்பக்கம், முழங்கையை ஒட்டி ஓடுகிறது. தோளின் பின்னால், தையலின் மேல்முனையில், ஒரு சிறு முக்கோணத் துண்டைச் செருகியிருக்கிறார்கள். கைக்குழி சிறியது, உடம்போடு நெருக்கமாக இருக்கும். நம் கண்ணுக்கு இது இறுக்கிப் பிடிக்கும் போலத் தெரியும். ஆனால் துணி வேண்டிய இடம் கை முன்னே நீளும்போது விரிகிற பின்தோள், அங்கேதானே முக்கோணம் இருக்கிறது? கையை நேராக மேலே தூக்கிப் பாருங்கள், அங்கியின் இடுப்பு மேலேறாது. தளர்வான கைக்குழியில் மொத்த அங்கியும் கூடவே ஏறிவரும். இந்த ஒன்றை நீங்கள் சரியாகச் செய்தால் மற்றபடி அங்கி தளர்வோ இறுக்கமோ, பார்க்கிறவர்களுக்கு 14ஆம் நூற்றாண்டு என்று தெரிந்துவிடும்.

உடம்புக்கு முன்னும் பின்னும் பக்கங்களிலும் முக்கோணங்கள். முன்னாலும் பின்னாலும் நடுவில் ஒரு கீறல் போட்டு அதற்குள் முக்கோணத்தைச் செருகுவது பழக்கம். முனையில் துணி சுருங்கிக் கொசுவிவிடும். அதைத் தவிர்க்க, முனையிலிருந்து கீழ்நோக்கித் தையுங்கள், கீழிருந்து மேலே போகாதீர்கள். முனையின் கடைசிச் சில தையல்களைக் கட்டாயம் கையால் போடுங்கள்.

பொத்தானைப் பற்றிக் கொஞ்சம். லண்டனில் தேம்ஸ் கரையோரக் குப்பைகளில், குறிப்பாகப் பேனார்ட்ஸ் காசில் துறையில், 14ஆம் நூற்றாண்டுத் துணிகள் ஏராளமாகக் கிடைத்தன. கையின் மணிக்கட்டுப் பகுதியில் நெருக்கமாகத் துணிப் பொத்தான்கள். மிச்சத் துணியில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் வெட்டி, ஓரத்தைச் சுற்றி நூலோட்டி, இழுத்துச் சுருக்கி, ஓரங்களை உள்ளே திணித்து, அடியில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால் கல் மாதிரி உருண்டை. அதை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளித் தைக்காமல் துணியின் விளிம்பிலேயே தைத்திருக்கிறார்கள். காஜாவும் விளிம்பை ஒட்டித்தான். ஓரம் தொய்யாமல் இருக்க உட்பக்கம் மெல்லிய பட்டுப் பட்டி. நம் சட்டைப் பழக்கத்தில் ஒரு பட்டி விட்டு உள்ளே வைத்தால் அங்கி உடனே நவீனமாகிவிடும்.

பெண்ணுடைக்கு நாடா கட்டு என்றால் ஒற்றை நாடாவைச் சுழன்று போகும்படி கோக்க வேண்டும், ஷூ லேஸ் மாதிரிப் பெருக்கல் குறியாக அல்ல. இரண்டு பக்க ஓட்டைகளும் நேருக்கு நேர் வராமல் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். ஓட்டையை வெட்டாதீர்கள், குத்தூசியால் நூல்களை விலக்கி, சுற்றிலும் நூலால் தையுங்கள். ஓட்டையில் அடித்துப் பொருத்தும் உலோக வளையம் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. மணமான பெண் தலையில் வெள்ளை லினன் முக்காடு போட்டுக்கொள்ளலாம். ஆடையைவிட அதுதான் தோற்றத்தை மாற்றும், செலவும் குறைவு.

எல்லாம் கையால்தானா? வேண்டாம். உள்ளே மறையும் நீளத் தையல்களை மெஷினில் ஓட்டிவிடுங்கள். வெளியே தெரியும் எல்லாம் கையால்: கழுத்து, கைமுனை, கீழோரம், காஜா. லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துத் தைத்தால் சிக்காது, அறுந்தும் போகாது. விழாவிலும் அந்தக் கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் சில குழுக்கள் மெஷின் தையல் கண்ணில் பட்டாலே முகம் சுளிப்பார்கள். சேரும் எண்ணம் இருந்தால் முன்னரே அவர்களின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத் தையல் தெரியாது, துணி விழும் விதம் தெரியும்.

ஆகஸ்ட்டில் கம்பளியா என்று கேட்பீர்கள். லினன் உள்சட்டையின் மேல் மெல்லிய கம்பளி உங்கள் பாலியெஸ்டர் டி-ஷர்ட்டைவிடக் காற்றோட்டமாக இருக்கும், கடலோர இரவில் குளிருக்கும் ஆகும். ஆனால் வீட்டில் நேரம் போதவில்லை என்றால் எதை முதலில் தைப்பது? தலைமூடி. ஒரு மீட்டர் துணி, இரண்டு மாலை வேலை. தோளில் விழும் இடத்தில் முக்கோணம் செருகப் பழகிவிடுவீர்கள், அங்கியில் வரப்போவதும் அதுவேதான். செருப்பை மட்டும் தைக்கப் பார்க்காதீர்கள். உள்ளே தைத்துத் திருப்பிப் போடும் தோல் செருப்பு அது, விஸ்பிச் சந்தையிலேயே விற்பார்கள், அளவு போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.